நேற்று வரை டெய்லர், இன்று லைன் சூப்பர்வைசர்: டீமை எப்படிக் கட்டுவது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர் ஆவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். நன்றாகத் தைக்கிற, லீவு அதிகம் போடாத, எதிர்த்துப் பேசாத ஒரு டெய்லரை ஒரு திங்கட்கிழமை காலையில் பிஎம் (புரொடக்ஷன் மேனேஜர்) கூப்பிட்டு, "இனி மூணாவது லைனை நீ பாத்துக்கோ" என்பார். பயிற்சி அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நெக் அடிக்கிற இடத்தில் பீஸ் குவிந்து கிடக்கும், நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் நாமே மெஷினில் உட்கார்ந்து தைப்பது என்பதால் உட்கார்ந்துவிடுவோம், நாம் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் லைனின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்காது.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. புதிதாக வருகிற பையன்களும் பெண்களும் "டீமை எப்படிண்ணா ஒண்ணா வெச்சிருக்கீங்க" என்று கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதுகிறேன். பனியன் லைனை வைத்துத்தான் சொல்லப் போகிறேன்: ஒருவர் தன் வேலையை முடித்து, பீஸ் கட்டை, அதுதான் பண்டல், அடுத்தவருக்குத் தள்ளுகிற மெஷின் வரிசை. வேறு வேலையில் இருப்பவர்கள் பண்டல் என்று நான் சொல்லும் இடத்தில் ஃபைல் என்றோ பார்சல் என்றோ போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து ஒகேனக்கல் கூட்டிப் போனால் டீம் உருவாகிவிடும் என்று ஆபீஸில் நினைப்பார்கள். போய்ட்டு வாங்க, நல்லா மீன் சாப்பிடுங்க, தப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை ஒரு டெய்லர் முடித்த பண்டலை அடுத்த டெய்லர் கையில் வாங்கும்போது முகம் சுளிக்கிறாரா இல்லையா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சண்டை வருவதும் அந்த இடத்தில்தான், ஒத்துழைப்பு வருவதும் அந்த இடத்தில்தான். சூப்பர்வைசர் வேலை முக்கால்வாசி அந்த இடைவெளியைப் பார்ப்பது.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள்

புது சூப்பர்வைசர் முதல் நாளே ஆளை மாற்றி உட்கார வைப்பார். நானும் வைத்தேன். வேண்டாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, செல்போனில் ஸ்டாப்வாட்ச், இது போதும். மணிக்கு ஒரு தடவை லைனின் தலையிலிருந்து வால் வரை நடந்து, எந்த டேபிளுக்கு முன்னால் எத்தனை பண்டல் நிற்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மூன்று நாளில் படம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் எடுங்கள். ஒரே பீஸை வைத்து எடுக்காமல் ஐந்து பீஸுக்கு எடுத்துச் சராசரி போடுங்கள். எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் சொல்லிவிட்டு எடுங்கள். பின்னால் நின்று திருட்டுத்தனமாக வாட்ச் பார்த்தால் அன்றைக்கே லைன் முழுக்க "நம்மள கணக்கு எடுக்கறாங்க, ரேட்டைக் குறைக்கப் போறாங்க" என்று பரவிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் சந்தேகமாகத்தான் கேட்பார்கள். "அக்கா, நெக் எதுக்கு இங்க நிக்குதுன்னு பாக்கறேன், எப்பவும் தைக்கிற மாதிரியே தைங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

கணக்கு இப்படி வரும் என்று வைத்துக்கொள்வோம். ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டில் நெக் ரிப் (கழுத்துப் பட்டி) ஜாயின் பண்ண ஒரு பீஸுக்கு 60 விநாடி, மற்ற வேலைகள் எல்லாம் 40 விநாடிக்குள் முடிகிறது, ஷோல்டர் மட்டும் 20 விநாடி. நெக்கில் மணிக்கு 60 பீஸ்தான் வரும். மற்றவர்கள் 90 தைத்தாலும் சரி, 120 தைத்தாலும் சரி, லைனின் வால் பக்கம் மணிக்கு 60 பீஸ்தான் வெளியே வரும். மீதி எல்லாம் நெக் டெய்லர் முன்னால் மலையாக நிற்கும். இப்போது "எல்லாரும் இன்னும் வேகமா தைங்க" என்று கத்தினால் அந்த மலை இன்னும் உயரும், அவ்வளவுதான் பலன்.

ஷோல்டர் டெய்லரைப் பாருங்கள். 20 விநாடி என்றால் மணிக்கு 180. லைனுக்குத் தேவை 90, அது அவருக்கு அரை மணி நேர வேலை. மீதி அரை மணி அவர் நெக் தைத்தால் 30 பீஸ் வரும். 60ம் 30ம் சேர்ந்து 90. அவரும் ஓவர்லாக் மெஷினில்தான் இருக்கிறார், எழுந்துகூடப் போக வேண்டாம், பண்டலை அவர் பக்கம் தள்ளினால் போதும். ஆனால் நெக் தைக்கக் கை பழக வேண்டும், ரிப்பை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பது பார்த்தவுடன் வருகிற வித்தை இல்லை. அதை நெக் டெய்லரே அவருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். சொல்லிக் கொடுத்தவருக்கும் கற்றுக்கொண்டவருக்கும் நடுவில் ஒரு உறவு வரும் பாருங்கள், எந்த மீட்டிங்கும் அதைக் கொண்டுவராது.

மெதுவாக இருக்கும் டேபிளைக் கண்டுபிடித்தவுடன் அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். ஊசி மழுங்கியிருக்கும், மோட்டார் சூடாகி அடிக்கடி நிற்கும், தலைக்கு மேல் ட்யூப்லைட் அணைந்திருக்கும், கட்டிங்கில் நாட்ச் (நடுவைக் காட்டும் சின்ன வெட்டு) போடாமல் அனுப்பியிருப்பார்கள், அவர் ஒவ்வொரு பீஸாக மடித்து நடுவைக் கண்டுபிடித்துத் தைத்துக்கொண்டிருப்பார். எனக்கு ஒரு தடவை காரணம் என்னவென்றால், கைமடிக்கும் பெண் (டெய்லருக்குப் பீஸை அடுக்கிக் கொடுக்கும் உதவியாள்) பண்டலை தலைகீழாக அடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள், டெய்லர் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார், இரண்டு பேருமே இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எட்டு மாதமாக!

தப்பைச் சொன்னவரை என்ன செய்கிறீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

நான் சூப்பர்வைசர் ஆன முதல் வருஷம், ஒரு காலை பத்து மணிக்கு எம் சைஸ் பண்டலில் எல் லேபிள் போய்விட்டது. கைமடிக்கும் பெண் ஒருத்தி, பதினெட்டு பத்தொன்பது வயது இருக்கும், அதைப் பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. சாயங்காலம் செக்கிங்கில் மாட்டியபோது 600 பீஸுக்கு மேல் போயிருந்தது. நெக்கோடு சேர்த்து லேபிள் வைத்துத் தைத்தது, பிரித்தால் ரிப்பில் ஓட்டை விழும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து பிரித்தோம். "காலைலயே பாத்தியே, ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நேத்து அந்த அக்கா ஷேடு மாறியிருக்குன்னு வந்து சொன்னாங்க, நீங்க எல்லார் முன்னாடியும் அவங்களத் திட்டுனீங்கண்ணா."

திட்டியது உண்மை. ஷேடு, அதாவது துணியின் நிறம், மாறியதற்கு அந்த அக்கா காரணமே இல்லை, கட்டிங்கில் ரோல் கலந்துவிட்டது. நான் டென்ஷனில் இருந்தேன், அவர் எதிரில் நின்றார், வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு நிமிஷக் கத்தலுக்கு விலை 600 பீஸ்.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் கேட்ட விஷயம் எனக்கு இதை இன்னும் நன்றாகப் புரிய வைத்தது. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990களில் ஆஸ்பத்திரி நர்ஸ் குழுக்களில் மருந்து மாற்றிக் கொடுக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது, நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தால், அங்கே அதிகம் நடக்கவில்லை, அங்கேதான் ஆட்கள் பயப்படாமல் வெளியே சொல்கிறார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்துவிடுகிறார்கள். அதனால் உங்கள் லைனில் "ஒரு பிரச்சினையும் இல்லைங்க" என்று எல்லோரும் சொன்னால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியில் லைன் ஓரமாக ஒரு கயிறு தொங்கும். சாதாரணத் தொழிலாளி ஒருவர் சந்தேகம் வந்தால் அதை இழுக்கலாம், உடனே அவருடைய லீடர் ஓடி வருவார், குறிப்பிட்ட தூரம் கார் நகர்வதற்குள் சரியாகவில்லை என்றால் லைனே நிற்கும். நம் ஊரில் கயிறு கட்ட மாட்டார்கள், நான் வேஸ்ட் கட்டிங்கில் இருந்து ஆளுக்கொரு சிவப்புத் துணி கொடுத்தேன். ஏதாவது சந்தேகமா, மெஷின் மேல் போடுங்கள், நான் வருவேன். துணி முக்கியமில்லை, வந்து நின்றவுடன் உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை முக்கியம். நான் மூன்று கேள்விதான் கேட்பேன்: எந்தப் பண்டலிலிருந்து ஆரம்பித்தது, எத்தனை பீஸ் தாண்டிப் போயிருக்கும், இப்போது எதை நிறுத்தினால் இது நிற்கும். "யாரு பண்ணுனது" என்ற கேள்வி சாயங்காலம் வரைக்கும் வெளியே வராது. பாதி நாள் சாயங்காலம் அந்தக் கேள்விக்கே அவசியம் இருக்காது.

ஊசி உடைவதை யோசித்துப் பாருங்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டி, அதற்கப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் உள்ள பீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் பார்க்க வேண்டும். அரை மணி போகும், டார்கெட் அடிபடும். "என்ன, மறுபடியும் ஒடச்சிட்டியா" என்று நீங்கள் ஒரு தடவை சலித்துக்கொண்டால், அடுத்த தடவை அந்த டெய்லர் கையில் கிடைத்த துண்டுகளை மட்டும் காட்டிவிட்டு மீதியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். அது ஏதோ ஒரு குழந்தையின் பனியனுக்குள் போகும்.

"எல்லாரும் கொஞ்சம் கை கொடுங்க"

இது வேலைக்கு ஆகாது. சாயங்காலம் நூல் வெட்ட வேண்டிய பீஸ் ஐந்நூறு கிடக்கிறது, "எல்லாரும் சேர்ந்து முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால், பத்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள், நாலு பேர் வேலை நடக்கும். இதில் ஆட்களைக் குறை சொல்லவும் முடியாது. ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913ல் எழுதினார்: தனியாக இழுக்கும்போது ஒருவர் போடும் பலத்தில், எட்டு பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்குப் பாதிதான் தேறியது. ஒரே நேரத்தில் இழுக்காததும் ஒரு காரணம், மற்றவன் இழுக்கிறானே என்பதும் ஒரு காரணம்.

அதனால் உதவியையும் பெயர் சொல்லி, அளவு சொல்லிக் கேளுங்கள். "நீங்க ரெண்டு பேரும் இந்த 60 பீஸ், நீங்க ரெண்டு பேரும் அந்த 60, அஞ்சரைக்கு முடிஞ்சா கிளம்பலாம்." முடித்தவர் அடுத்தவர் குவியலில் கை வைப்பதை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள்.

செக்கிங்குக்கும் டெய்லருக்கும் நடக்கும் சண்டை

மாமியார் மருமகள் சண்டையாவது என்றைக்காவது தீரும், இது தீராது. செக்கிங் அக்கா ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டர் பீஸை, அதாவது திருத்த வேண்டிய பீஸை, திருப்பி அனுப்புவார், டெய்லர் "இது ஒரு தப்பா, பையரே கேக்க மாட்டான்" என்பார், இவர் வீச, அவர் வீச, நடுவில் நாம்.

நான் செய்தது இரண்டு. ஒன்று, ஒவ்வொரு ஸ்டைல் ஆரம்பிக்கும்போதும் சரியான பீஸ் ஒன்று, தள்ளுபடியாகும் பீஸ் இரண்டு மூன்று, தரம் பார்க்கிற க்யூசியின் கையெழுத்தோடு லைன் நடுவில் தொங்கவிடுவது. பாட்டம் ஹெம்மில் இவ்வளவு சுருக்கம் வரை போகும், இதற்கு மேல் போகாது என்று கண்ணால் பார்க்கட்டும். சண்டையில் பாதி "எனக்குச் சரி, உனக்குத் தப்பு" என்பதுதான், பீஸ் தொங்கினால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இரண்டாவது, டெய்லர்களை முறை வைத்து ஆளுக்கு ஒரு மணி நேரம் செக்கிங் டேபிளில் நிற்க வைத்தேன். பிஎம் திட்டினார், புரொடக்ஷன் போகுது என்று. போகட்டும். அந்த டேபிளில் நிற்கும்போதுதான் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் கணக்கைச் சொல்வேன். 3,000 பீஸ் ஆர்டர் என்றால் சாதாரண லெவலில் பையரின் க்யூசி 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார். ஏக்யூஎல் (பையர் ஒத்துக்கொள்ளும் குறை அளவு) 2.5 என்றால் ஏழு மேஜர் டிஃபெக்ட் (பெரிய குறை) வரை பாஸ், எட்டாவது வந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். ஆர்டர் 3,200ஐத் தாண்டினால் 200 பீஸ் எடுப்பார்கள், பத்து வரை பாஸ், பதினொன்று ஃபெயில். நம் முப்பது பேருடைய பல நாள் வேலை அந்த எட்டாவது பீஸில் தொங்குகிறது. இந்த எண்ணை ஆபீஸ்காரர்கள் ஏன் ரகசியம் மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தைக்கிறவருக்குத் தெரிந்தால்தானே செக்கிங் அக்கா அந்த எட்டாவது பீஸை முன்கூட்டியே பிடித்துக் கொடுக்கிறார் என்பது தெரியும்.

காசு விஷயத்தில் ஏமாற்றாதீர்கள்

பீஸ் ரேட்டில் தைக்கிற ஆளிடம் "பக்கத்து டேபிளுக்கு உதவி பண்ணு" என்று சொல்வது, "உன் சம்பளத்தில் அம்பது ரூபாய் விட்டுக்கொடு" என்று சொல்வதுதான். அவர் மறுத்தால் ஒற்றுமை இல்லாத ஆள் என்று பேர் கட்டுவது அநியாயம். ஷிப்ட் சம்பள லைனில் இந்தத் தொல்லை குறைவு. பீஸ் ரேட் என்றால், முதலில் ஆபீஸில் போய்ப் பேசுங்கள்: உதவிக்குப் போன நேரத்துக்கு அவருடைய சராசரி ரேட்டைப் போட்டுக் கொடுக்க முடியுமா, இல்லையென்றால் லைன் முழுக்கவே கூட்டாக ரேட் பேசி பிரித்துக்கொள்ள முடியுமா என்று. முடியும் என்றால், யார் எத்தனை நிமிஷம் எங்கே போனார் என்று நோட்டில் எழுதி அவரிடமே காட்டிவிடுங்கள். முடியாது என்றால் உதவி கேட்காதீர்கள், ஆளை நிரந்தரமாக மாற்றி உட்கார வைக்க முடியுமா என்று பாருங்கள். இலவசமாக ஒற்றுமை கேட்கிற சூப்பர்வைசரை மூன்றாவது வாரம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, சனிக்கிழமை. சம்பளக் கவரில் அரை ஷிப்ட் குறைகிறது என்று ஒருவர் வந்து நின்றால் "ஆபீஸ்ல கேளு" என்று அனுப்பாமல் நீங்களே அவரோடு படி ஏறிப் போய் ரெஜிஸ்டரைப் பார்த்துச் சரி பண்ணிக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை. லைன் மொத்தமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

காலை ஐந்து நிமிஷம்

எட்டரைக்கு பெல் அடித்ததும் லைனின் தலையில் நின்றபடியே பேசுங்கள், யாரும் உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் நீளும். இன்று என்ன ஸ்டைல், என்ன டார்கெட், நேற்று அதிகம் வந்த ஆல்டர் எது, இன்று யார் வரவில்லை, அந்த இடத்தில் யார். அவ்வளவுதான். பிறகு "ஏதாவது இருக்கா" என்று கேட்டுவிட்டு, உடனே கலைந்து போகாமல் ஒரு பத்து விநாடி சும்மா நில்லுங்கள். அந்தப் பத்து விநாடி கஷ்டமாகத்தான் இருக்கும். முதல் ஒரு மாதம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அப்புறம் ஒரு நாள் யாராவது "அண்ணா, ஃபேன் சத்தம் போடுது" என்பார்கள், அதை மத்தியானத்துக்குள் சரி பண்ணிவிடுங்கள். ஃபேன் சரியானால்தான் அடுத்த நாள் துணி விஷயம் வரும். நேற்று டார்கெட் வரவில்லை என்ற வசைப்பாட்டை மட்டும் அங்கே பாடாதீர்கள், நாள் முழுக்க அந்த முகத்தோடுதான் தைப்பார்கள்.

பல ஊர், பல மொழி

இப்போதெல்லாம் ஒரு லைனில் தேனிக்காரர், ராமநாதபுரத்துக்காரர், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று கலந்துதான் இருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களை எல்லாம் லைனின் ஒரு மூலையில் சேர்த்து உட்கார வைப்பது நமக்குச் சுலபம், ஒருவருக்குச் சொன்னால் மற்றவர்களுக்குப் போய்விடும். ஆனால் கொஞ்ச நாளில் லைனுக்குள்ளேயே இரண்டு லைன் ஆகிவிடும், பண்டல் எல்லையில் மாட்டிக்கொள்ளும். ஒரு வேலைக்கு இரண்டு பேர் என்று இருக்கும் இடங்களில் ஒருவர் இங்கேயிருந்து, ஒருவர் அங்கேயிருந்து என்று ஜோடி போடுங்கள். எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று நினைக்காதீர்கள், ஒடியாவும் வங்காளமும் பேசுகிறவர்கள் நம்மைப் போலவே இந்தியில் தடுமாறுவார்கள். ஒரு விஷயத்தை வாயால் சொல்வதை விடப் பீஸைக் கையில் எடுத்துத் தைத்துக் காட்டிவிட்டு, அவரையும் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

லீவு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே நியாயம் வேண்டும். பொங்கலுக்கு நம் தென்மாவட்டத்து ஆட்கள் ஒரு வாரம் காணாமல் போவதைச் சகஜமாக எடுத்துக்கொள்கிற நாம், பீகார்காரர் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு இருந்துவிட்டு வருகிறேன் என்றால் முறைக்கிறோம். ஒடிசாக்காரருக்கு ரத யாத்திரை. இரண்டு மாதம் முன்னாலேயே யார் எப்போது ஊருக்கு என்று கேட்டு சுவரில் ஒட்டிவிடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு சார்ட்: இடது பக்கம் பெயர், மேலே ஷோல்டர், நெக், ஸ்லீவ், சைடு, பாட்டம் என்று வேலைகள், யாருக்கு எது வரும் என்று டிக். எந்தக் கட்டத்தின் கீழ் ஒரே ஒரு டிக் இருக்கிறதோ அங்கேதான் உங்கள் லைன் ஒரு நாள் படுக்கும். அந்தக் கட்டத்துக்கு இரண்டாவது ஆளைத் தயார் பண்ணுவதுதான் இந்த மாத வேலை.

நேற்று வரை கூட டீ குடித்தவர்கள்

இதில் எனக்கும் நல்ல பதில் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். கூடத் தைத்தவர்கள் திடீரென்று உங்களை "சார்" என்று கூப்பிட மாட்டார்கள், கூப்பிடச் சொல்லாதீர்கள். அண்ணா என்றால் அண்ணா, பேர் சொன்னால் பேர். நெருங்கிய சிநேகிதனிடம் மட்டும் முதல் வாரமே தனியாக உட்கார்ந்து, "டேய், லேட்டா வந்தா உனக்கும் அதே அரை மணிதான் பிடிப்பேன், மனசுல வெச்சுக்காதே" என்று சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாமல் விட்டேன், ஒரு தடவை அவனைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு ஆறு மாதம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொரு லைனிலும் பதவி இல்லாத தலைவி ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வயதில் மூத்த அக்கா, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், அவர் முகம் திரும்பினால் லைன் திரும்பும். புது முறை எதையாவது கொண்டுவருவதற்கு முந்தின நாள் அவரிடம் போய் "அக்கா, இப்படிச் செய்யலாம்னு இருக்கேன், உங்களுக்கு என்ன தோணுது" என்று கேளுங்கள். ஐஸ் வைப்பதற்காகச் சொல்லவில்லை, அவர் சொல்கிற குறை பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும்.

பாராட்டுவதை எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள், கண்டிப்பதைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போய்ச் சொல்லுங்கள். கோள் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் பஞ்சாயத்து பண்ணவே கூடாது. ஒரு பெண், யாரோ தொந்தரவு பண்ணுகிறார் என்று வந்து சொன்னால், "சரி விடும்மா, நான் பேசிக்கிறேன்" என்று சமாதானம் செய்து அனுப்பாதீர்கள். 2013ல் வந்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், அதற்குத் தலைமை ஒரு பெண், வெளியாள் ஒருவரும் உறுப்பினர். அந்தக் குழுவிடம் அவர் போக உதவுவதுதான் உங்கள் வேலை. புகார் கொடுக்கப் பொதுவாக மூன்று மாதம்தான் கணக்கு, உங்கள் "பேசிக்கிறேன்" அந்த மூன்று மாதத்தைத் தின்றுவிடக் கூடாது.

மேலே இருந்து வருகிற அழுத்தம்

பையரின் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் வந்து "கன்டெய்னர் புதன்கிழமை, எப்படியாவது முடிச்சுக் கொடுங்க" என்பார். எப்படியாவது என்ற வார்த்தைக்கு ஃப்ளோரில் ஒரே அர்த்தம்தான், வாரம் பூரா ஒன்றரை ஷிப்ட். மூன்று நாள் தாங்கும். நாலாவது நாள் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வருகிற ஆல்டரை எண்ணி எழுதி வையுங்கள், அடுத்த தடவை ஆபீஸில் பேச அந்தக் காகிதம்தான் உங்கள் ஆயுதம். "ஆளுங்க சோர்ந்துட்டாங்க" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள், "ராத்திரி தைச்சதுல நூத்துக்கு இத்தனை திரும்பி வந்துச்சு, காலைல அதைப் பிரிக்கவே ரெண்டு மணி நேரம் போச்சு" என்றால் கேட்பார்கள்.

இருக்கச் சொல்வதாக இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு முன்னால் சொல்லுங்கள். ஐந்தேகாலுக்கு வந்து சொன்னால், பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை யார் கூப்பிடுவது, கம்பெனி வண்டி போய்விட்டால் எதில் போவது என்று அந்த நிமிஷத்தில் ஒரு தாய் என்ன செய்ய முடியும்? முன்னாடியே சொன்னால் போன் பண்ணி ஏற்பாடு செய்துவிடுவார்கள். முடியாது என்று சொல்பவரை அடுத்த நாள் காலையிலும் அதே முகத்தோடு பாருங்கள்.

லேபிள் மாறிய கதையில் வந்த அந்தப் பெண் பிறகு என் லைனிலேயே ஓவர்லாக் பழகி டெய்லர் ஆனாள். நாலைந்து வருஷம் கழித்து ஒரு ஷிப்மென்ட் அவசரத்தில், மத்தியானம் மூன்றரை மணிக்கு, அவள் மெஷின் மேல் சிவப்புத் துணி. ஸ்லீவ் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாகத் தெரிகிறது என்றாள். லைனை நிறுத்தி, பண்டலைப் பிரித்து, பேட்டர்ன் வாங்கி வந்து வைத்துப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது, துணி முறுக்கியதில் அப்படித் தெரிந்திருக்கிறது. பத்து நிமிஷம் போச்சு, பதினைந்து பீஸ் குறைந்திருக்கும். அவள் முகம் சுருங்கிவிட்டது. "நல்லதாப் போச்சு, சந்தேகம் வந்தா அடுத்த தடவையும் போடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பிஎம் வந்து ஏன் நின்றது என்று கேட்டபோது, நான் நிறுத்தச் சொன்னேன் என்றேன்.